பெல் அடித்தால் ரெண்டு பக்கமும் பிரிகிறார்களே!

இந்த முறை சைக்கிள் கேள்வி–பதில் பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொடைக்கானல் ஏரிச்சாலையைப் பற்றியவை. சீசன் தொடங்கிவிட்டது என்பதற்கு வேறு அறிவிப்பு வேண்டாம். ஏறத்தாழ 5 கி.மீ. சுற்று. நடப்பவர், ஓடுபவர், குதிரை, வாடகை சைக்கிள், சொந்த சைக்கிள், கார், வேன், சோளக்கதிர் வண்டி எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. 1863-இல் வெர் ஹென்றி லெவிஞ்ச் இந்த ஏரியை உருவாக்கியபோது இத்தனை பேர் ஒன்றாகச் சுற்றி வருவார்கள் என்று எண்ணியிருக்க மாட்டார். ஊட்டியிலிருந்து ஒரு நாய்க் கடிதமும் வந்திருக்கிறது. அதையும் சேர்த்திருக்கிறோம்.

காலை நடைக்கு வருகிறவர்கள் நாலு பேர் சேர்ந்து சாலையை அடைத்துக்கொண்டு போகிறார்கள். பெல் அடித்தால் ரெண்டு பேர் இடப்பக்கம், ரெண்டு பேர் வலப்பக்கம் ஓடுகிறார்கள். பிறகு ஒருவர் மனசு மாறி நடுவில் வந்து நிற்கிறார். என்னதான் செய்வது?
— வாசகர், நாயுடுபுரம்

நீங்கள் பெல் அடிக்கிற தூரத்தில்தான் கோளாறு. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகும் சைக்கிள் நொடிக்கு ஐந்தரை மீட்டர் ஓடும். முதுகுக்குப் பின்னால் ஐந்து மீட்டரில் பெல் கேட்டால் யாருக்கும் யோசிக்க நேரமில்லை. கால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் துள்ளுவார்கள்.

இருபத்தைந்து மீட்டரில் ஒரே ஒரு முறை அடியுங்கள். மூன்று நான்கு முறை அடித்தால் கோபமாக அடிப்பதாகத்தான் கேட்கும். அடித்த உடனே வேகத்தைப் பத்துக்குக் குறையுங்கள். பத்து மீட்டர் நெருங்கியதும் வாயைத் திறந்து, 'அண்ணே, வலப்பக்கமா வர்றேன்' என்று பக்கத்தைச் சொல்லுங்கள். வெறுமனே 'ஓரம், ஓரம்' என்றால் எந்த ஓரம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நாலு பேரில் ஓரத்தில் நடப்பவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம், அவரவர் தம் பக்கத்து ஓரத்துக்குப் போய்விடுவார்கள். குழப்பம் நடுவில் இருப்பவருக்குத்தான். முதலில் கிட்ட இருக்கிற ஓரத்துக்குப் போவார். பேசிக்கொண்டிருந்த ஆள் எதிர்ப்பக்கம் போய்விட்டார் என்று தெரிந்ததும் குறுக்கே திரும்பி வருவார். உங்கள் கண் அவர்மேலேயே இருக்கட்டும், அவர் ஒரு இடத்தில் நிலைத்த பிறகு தாண்டுங்கள். தோளுக்கு மேலே திரும்பிப் பார்ப்பவர் பார்த்த பக்கமாகவே ஓரடி நகர்வார் என்பதையும் கணக்கில் வையுங்கள். வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் உங்கள் வழிக்குள்தான் வருவார்.

காதில் இயர்போன் மாட்டியவருக்குப் பெல் வேலைக்காகாது. நடை வேகத்துக்கு இறங்கி, ஒன்றரை மீட்டராவது தள்ளி, அவர் கண்ணோரத்தில் தெரிகிறபடி மெல்லப் போங்கள். காதுக்குப் பக்கத்தில் போய்க் கத்துவதுதான் அவரை ஏரிக்குள் தள்ளும் வழி.

பெல்லையும் ஒருமுறை பாருங்கள். கிண்ணத்தின்மேல் பிரேக் கேபிள் உரசினாலே ஓசை செத்துவிடும். அடைப்பைக் கழற்றி உள்ளே இருக்கும் பல்சக்கரத்தின் அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், ஒரு சொட்டுதான். இந்த ஊர்ப் பனிக்கு ஸ்பிரிங் துருப்பிடித்து, நெம்பினால் 'டக்' என்று மட்டும் சொல்லும் பெல்கள் நிறைய.

ஏரியை எந்தப் பக்கமாகச் சுற்றுவது நல்லது? எதிரே வருகிறவர்கள் எல்லாரும் என்னைத்தான் தப்பாக வருவதாகப் பார்க்கிறார்கள்.
— வாசகி, செண்பகனூர்

போலீஸார் ஒருவழி வைத்திருக்கும் நாட்களில் அதன்படிதான். மற்ற நாட்களில் இரண்டு பக்கமும் சரி, இடப்பக்கம் ஓட்ட வேண்டும் என்பது மட்டுமே விதி. ஆனால் வித்தியாசம் உண்டு. ஏரி உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும்படி சுற்றினால் நீங்கள் தண்ணீர் ஓரமாகப் போவீர்கள். இடப்பக்கத்திலிருந்து திடீரென்று வண்டி வந்து சேரும் சாலைகள் இருக்காது, ஆனால் வேலியோரம் படம் எடுப்பவர்கள் எல்லாரும் உங்கள் வழியில்தான் நிற்பார்கள். ஏரியை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றினால் மலையோரம் போவீர்கள். அங்கே நிறுத்திய கார்களின் கதவும் கிளைச்சாலைகளும் வாசல்களும். ஆள்கூட்டத்தைப் பார்த்து ஓட்ட முடியும், கார்க் கதவு சொல்லிக்கொண்டு திறக்காது. அதனால் எங்கள் ஓட்டு தண்ணீர் ஓரத்துக்கு.

ஏரி நட்சத்திர வடிவம். சாலை ஒவ்வொரு கையாக வளைந்து உள்ளே போய் வெளியே வருகிறது. வளைவுக்கு அப்பால் என்ன நிற்கிறது என்று தெரியாத இடங்கள் பல. அங்கே வேகத்தைக் குறைத்து, வளைவுக்கு முன்பே பெல் அடியுங்கள்.

மே மாதம் மதுரையிலிருந்து குடும்பத்தோடு வருகிறோம். பிள்ளைகளுக்குப் பத்து வயது, பதின்மூன்று வயது. வாடகை சைக்கிள் எடுக்கலாமா? போன முறை பிள்ளைகள் வளைந்து வளைந்து ஓட்டி எல்லாரிடமும் திட்டு வாங்கினார்கள்.
— வாசகர், மதுரை

தாராளமாக எடுக்கலாம், காசு கொடுப்பதற்கு முன்னால் ஐந்து நிமிஷம் செலவழித்தால். திட்டு வாங்கும் பிள்ளைகளில் பாதிப்பேர் செய்த தப்பு சரியில்லாத சைக்கிளில் ஏறியதுதான்.

முதலில் உயரம். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு காலின் முன்பாதமும் தரையில் நன்றாகப் பட வேண்டும், ஓட்டப் பழகாத பிள்ளைக்கு முழுப்பாதமே பட வேண்டும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் சீட்டை ஏற்றிக்கொள்ளலாம். 'வளர்ற பிள்ளை, பெருசே இருக்கட்டும்' என்பது சட்டைக்குச் சரி, சைக்கிளுக்கு ஆகாது.

அடுத்து பிரேக். இரண்டு நெம்பையும் முழுதாக அழுத்துங்கள். நெம்புக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவே இரண்டு விரல் இடம் மிச்சம் இருக்க வேண்டும், பாரில் போய் ஒட்டினால் அந்தச் சைக்கிள் வேண்டாம். முன்பிரேக்கை மட்டும் பிடித்துச் சைக்கிளை முன்னால் தள்ளுங்கள்: பின்சக்கரம் தூக்க வேண்டும். பின்பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் உருளாமல் இழுபட வேண்டும். எந்தக் கைக்கு எந்தப் பிரேக் என்று பிள்ளையிடம் காட்டிவிடுங்கள். நம் ஊர் சைக்கிள்களில் பெரும்பாலும் வலக்கை முன்பிரேக், ஆனால் மாற்றிப் பூட்டியதும் உண்டு. பிரேக் கட்டையில் உள்ள குறுக்குக் கோடுகள் தேய்ந்து மழுங்கியிருந்தால் கட்டை முடிந்துவிட்டது.

முன்சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைத் திருகுங்கள். சக்கரம் நிற்க, பார் மட்டும் திரும்பினால் ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டான ஸ்டெம்மின் போல்ட் லூஸ். பிறகு சக்கரங்களைத் தூக்கிச் சுற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் உள்ள இடைவெளியைப் பாருங்கள். அது ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் சுருங்கினால் சக்கரம் கோணல். கொஞ்சம் கோணல் இருந்தால் பரவாயில்லை, ஒவ்வொரு சுற்றிலும் கட்டையில் உரசினால் வேறு கேளுங்கள். டயரைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் அமுங்கக் கூடாது. காற்றில்லாத முன்டயர்தான் பிள்ளை வளைந்து வளைந்து போவதற்கு இன்னொரு காரணம்.

வாடகை சைக்கிள்களில் பல இன்னும் இரும்பு ரிம். அதில் ஈரம் பட்டால் பிரேக் பிடிக்கும் தூரம் இரண்டு மடங்குக்குக் குறையாது. தூறல் விழுந்தால் நிற்க வேண்டிய இடத்துக்கு ரொம்ப முன்பே பிரேக்கை லேசாக ஒரு முறை, இன்னொரு முறை என்று அழுத்தி ரிம்மைத் துடைத்துவிட்டு, அப்புறம் இறுக்கிப் பிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு இது சொன்னால் வராது. மழை வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

ஓட்டும்போது பிள்ளைகள் முன்னால், பெரியவர் பின்னால் கொஞ்சம் வலப்பக்கமாக. ஒருவர் பின் ஒருவராகத்தான், பக்கம் பக்கமாக வேண்டாம். பின்னாலிருந்து பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். 'என்னப்பா?' என்று திரும்பிப் பார்ப்பான், பார்த்த பக்கம் ஹேண்டில்பாரும் திரும்பும். ஏதாவது சொல்ல வேண்டுமானால் 'இடப்பக்கமே போ', 'நிறுத்து' என்று வேலையை மட்டும் சொல்லுங்கள்.

ரெண்டு பேர் மிதிக்கிற நீட்டுச் சைக்கிளில் வருகிற புதுமணத் தம்பதிகளைத் தாண்டவே முடிவதில்லை. இப்படியும் அப்படியும் ஆடுகிறார்கள்.
— வாசகர், மூஞ்சிக்கல்

ஏறிய முதல் இருபது மீட்டரில் எல்லாரும் ஆடுவார்கள். பின்னால் உட்கார்ந்தவருக்குச் சாலை தெரியாது, முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். எட்டிப் பார்க்கச் சாய்ந்தால் சைக்கிளும் சாயும். வேகம் பிடித்த பிறகுதான் நேராகும். அதனால் கிளம்பும் இடத்திலும் மேட்டிலும் அவர்களைத் தாண்டாதீர்கள். சமதளத்தில் சீராக ஓடும்போது, இரண்டு சைக்கிள் நீளம் என்று எண்ணித் தாண்டிவிட்டு, உடனே அவர்கள் முன்னால் வந்து செருகாதீர்கள்.

ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முன்னவர் இரண்டு பிரேக்கும் பிடித்து இரண்டு காலையும் ஊன்றி நிற்கட்டும், பின்னவர் முதலில் ஏறி உட்காரட்டும். 'ஒண்ணு, ரெண்டு' என்று எண்ணி ஒன்றாக மிதியுங்கள். சண்டை போடுவதானால் நின்றுவிட்டுப் போடுங்கள்.

குதிரையைத் தாண்டும்போது பெல் அடிக்கலாமா? அடித்தால் குதிரைக்காரர் திட்டுகிறார். அடிக்காமல் போனாலும் திட்டுகிறார்.
— வாசகர், பாம்பார்புரம்

இரண்டு முறையும் அவர் சொன்னது சரிதான். குதிரைக்குக் கண் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் ஏறக்குறைய சுற்றிலும் பார்க்கும். நேர் பின்னால் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து திடீரென்று சத்தம் வந்தால் அது முதலில் உதைக்கும், இல்லாவிட்டால் முன்னால் பாயும். மேலே ஏழு வயதுப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்.

அதனால் கிட்டே போய்ப் பெல் வேண்டாம். முப்பது மீட்டர் தூரத்திலேயே குரல் கொடுங்கள்: 'அண்ணே, பின்னால சைக்கிள் வருது.' மனிதக் குரல் குதிரைக்குப் பழக்கம். குதிரைக்காரர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டும் வரை பின்னாலேயே வாருங்கள். மிதிக்காமல் உருளும்போது சில சைக்கிள்களின் பின்சக்கர நடுக்குடம் (ஹப்) 'கிரிகிரி' என்று கத்தும், அந்தச் சத்தமும் குதிரைக்குப் பிடிக்காது, லேசாக மிதித்துக்கொண்டே போனால் அடங்கும்.

குதிரைக்காரர் பெரும்பாலும் குதிரைக்கு இடப்பக்கம் நடப்பார். நாம் தாண்டுவது வலப்பக்கம். பயந்த குதிரையின் தலையை அவர் தன் பக்கம் இழுத்தால் அதன் பின்பாகம் உங்கள் பக்கம் வீசும். இதை மறந்து நெருக்கமாகப் போகிறவர்கள்தான் உதை வாங்குகிறார்கள். இரண்டு மீட்டருக்குக் குறையாத இடைவெளி, நடை வேகம். அந்த இடைவெளி கிடைக்காவிட்டால் தாண்ட வேண்டாம். தாண்டிய பிறகும் பத்துப் பதினைந்து மீட்டர் போய்த்தான் வேகம் எடுக்க வேண்டும், பக்கத்தில் வைத்தே எழுந்து நின்று மிதித்தால் கூடவே ஓட வேண்டும் என்று குதிரைக்குத் தோன்றிவிடும். சைக்கிளில் போகும்போது குடை விரிப்பது, மழைக்கோட்டை உதறுவது இரண்டும் குதிரைக்குப் பக்கத்தில் கூடவே கூடாது.

சாலையில் கிடக்கும் குதிரை லத்தி காய்ந்தால் ஒன்றுமில்லை. ஈரமாக இருந்தால் நேராக ஏறிப் போங்கள், ஹேண்டிலைத் திருப்பாதீர்கள், பிரேக்கும் தொடாதீர்கள். மட்கார்டு இல்லாத சைக்கிள்காரரின் முதுகில் அதன் கோலம் தெரியும்.

படம் எடுக்கிறேன் என்று பின்பக்கமாகவே நடந்து வந்து சைக்கிளில் மோதுகிறார்கள். கேட்டால் 'பார்த்து ஓட்டக் கூடாதா' என்கிறார்கள்.
— வாசகி, அட்டுவம்பட்டி

படத்தில் நிற்பவர் நகர மாட்டார், எடுக்கிறவர்தான் நகருவார். ஏரிக்கு முதுகைக் காட்டி நிற்கும் குடும்பத்தையே நாம் பார்த்துக்கொண்டு வருகிறோம். தாத்தாவின் தலை படத்தில் விழவில்லை என்று போனைப் பிடித்தபடி சாலைக்குள் மூன்றடி பின்வைப்பவர் அந்தப் பக்கம் இருக்கிறார். கையை உயர்த்தி நிற்கும் ஆளைக் கண்டாலே அவருக்குப் பின்னால் இரண்டு மீட்டர் சாலை அவருடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு இடம் இல்லையா? காலை ஊன்றி நில்லுங்கள். படம் எடுத்து முடிக்க அவர்களுக்கு அரை நிமிஷம் போதும்.

செல்ஃபிக் குச்சிக்காரர் இன்னும் மோசம், அவர் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதால் உங்களைப் பார்க்க வழியே இல்லை. அவருக்கும் பெல் கேட்கும், பயன்படுத்துங்கள். கல்யாண ஆல்பத்துக்காக நடுரோட்டில் பட்டுச் சேலை பறக்கவிடும் கூட்டத்தில் சேலையின் நுனி செயினில் மாட்டும் ஆபத்து நிஜமானது. மாட்டிக்கொண்டால் முன்னால் இழுக்காதீர்கள், பின்சக்கரத்தைத் தூக்கிப் பெடலைப் பின்னோக்கிச் சுற்றினால் வந்துவிடும். அதற்குள் சேலைக்காரி அழுதுவிடுவார் என்பது வேறு விஷயம்.

டீக்கடையில் நிறுத்தினால் யாராவது வந்து 'இது எவ்வளவு சார்?' என்று கேட்டுக்கொண்டே கியரை மாற்றிப் பார்க்கிறார்கள், பிரேக்கை அழுத்துகிறார்கள், டிஸ்க் பிரேக்கின் வட்டத் தகட்டைத் தடவுகிறார்கள். திட்டவும் மனசு வரவில்லை.
— வாசகர், பெருமாள்மலை

திட்ட வேண்டாம். விலையைச் சொன்னால் அவரே கையை எடுத்துக்கொள்வார்.

அவர் போன பிறகு செய்ய வேண்டியது மூன்று. நின்ற சைக்கிளில் கியர் நெம்பைத் தட்டினால் செயின் இடம் மாறாது, கேபிள் மட்டும் மாறும். நீங்கள் ஏறி ஓங்கி மிதிக்கும்போதுதான் செயின் இரண்டு மூன்று பல்சக்கரம் ஒரேயடியாகத் தாவும். ஏற்றத்தில் அப்படித் தாவினால் செயின் கழன்று முழங்கால் ஸ்டெம்மில் இடிக்கும். ஆகவே ஏறுவதற்கு முன் பின்சக்கரத்தைத் தூக்கி, கையால் பெடலை முன்னோக்கி இரண்டு சுற்று சுற்றுங்கள். செயின் போக வேண்டிய பல்லுக்குப் போய்ச் சேரும்.

டிஸ்க்கில் விரல் பட்டால் கை எண்ணெய் ஒட்டும். டீயோடு பஜ்ஜியும் தின்ற கை என்றால் சொல்லவே வேண்டாம். பிரேக் கீச்சிடும், பிடிமானமும் குறையும். மருந்துக்கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சுத்தமான துணியில் தொட்டு டிஸ்க்கின் இரண்டு பக்கமும் துடையுங்கள். ஆல்கஹால் கையில் இல்லாவிட்டால் டிஸ்க்கை உலர்ந்த காகிதத்தால் துடைத்து, சமதளத்தில் பத்து முறை பிரேக் பிடித்துப் பார்த்த பிறகு இறக்கத்துக்குப் போங்கள். ஏற்காடோ பெருமாள்மலையோ, நெடும் இறக்கம் முடித்து இப்போதுதான் நின்றிருந்தால் டிஸ்க் கொதிக்கும்; 'தொடாதீங்க, சுடும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது உண்மையும்கூட.

சக்கரத்தைக் கழற்றி வைத்திருக்கும்போது ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்) பிரேக்கை யாராவது அழுத்திவிட்டால் டிஸ்க்கைப் பிடிக்கும் இரண்டு பட்டைகளும் ஒட்டிக்கொள்ளும், டிஸ்க் உள்ளே நுழையாது. பிளாஸ்டிக் டயர் நெம்புகோலை நடுவில் செருகி மெதுவாகப் பிரியுங்கள். ஸ்க்ரூடிரைவர் போட்டால் பட்டை கீறும். கழற்றிய உடனே மடித்த அட்டையைப் பட்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டால் இந்தப் பாடே இல்லை.

நான் சைக்கிள்காரி இல்லை. அறுபத்தெட்டு வயது, தினமும் ஏரியைச் சுற்றி நடக்கிறேன். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி என் முழங்கையை உரசுகிற மாதிரி பறக்கும் இளைஞர்களுக்கு உங்கள் பத்திரிகை ஏதாவது சொல்லுமா?
— வாசகி, கொடைக்கானல்

சொல்கிறோம் அம்மா. இந்தப் பகுதிக்கு வந்த கடிதங்களில் மிக நியாயமானது உங்களுடையது.

ஏரிச்சாலையை 12 கி.மீ. வேகத்தில் சுற்ற இருபத்தைந்து நிமிஷம். 20 கி.மீ. வேகத்தில் பதினைந்து நிமிஷம். லாபம் பத்து நிமிஷம். அதற்கு விலை என்ன என்று பாருங்கள்: 12-இல் போகிறவர் எதிரில் ஆளைக் கண்டு, ஒரு நொடியில் சுதாரித்து, காய்ந்த சாலையில் நிற்க ஏறக்குறைய ஐந்து மீட்டர் போதும். 20-இல் போகிறவருக்குப் பத்து மீட்டர் வேண்டும். 25-இல் பதின்மூன்று. வளைவில் அவருக்குத் தெரியும் தூரமே பத்து மீட்டர்தான். தலையைக் குனிந்தவருக்கு அதுவும் இல்லை.

பயிற்சி வேண்டுமென்றால் பூம்பாறைச் சாலை இருக்கிறது. ஏறக்குறைய இருபது கி.மீ. ஏற்ற இறக்கம், பூண்டு ஏற்றி வரும் லாரிகள் மட்டுமே துணை. பெருமாள்மலைக்கு இறங்கித் திரும்ப ஏறினால் தொடை வாய்விட்டு அழும். ஏரிச்சாலையில் நேரம் அளந்து 'இன்றைய சாதனை' போடுகிறவர்கள் வேறு எங்கேயும் ஏற்றம் ஏற முடியாதவர்கள் என்பது எங்கள் கருத்து. ஏரியைச் சுற்றித்தான் ஓட்டுவேன் என்பவர், கூட்டம் வருவதற்கு முன் விடியற்காலையில், ஆட்களைத் தாண்டும்போது ஒன்றரை மீட்டர் விட்டு, 12-க்கு இறங்கிப் போகட்டும்.

நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. பெல் கேட்டால் துள்ளாதீர்கள், திரும்பியும் பார்க்காதீர்கள். நடந்த கோட்டிலேயே நடந்துகொண்டிருங்கள். நேராக நடப்பவரை மோதுவது ரொம்பக் கடினம்.

கொடைக்கானல் மலைச்சாலையில் சைக்கிளில் ஏறும்போது பஸ்ஸும் வேனும் வளைவில் ஒட்டிக்கொண்டு தாண்டுகின்றன. ஓரத்திலேயே போனாலும் இடமில்லை.
— வாசகர், வத்தலக்குண்டு

ஓரத்திலேயே போவதுதான் காரணம். நீங்கள் வெள்ளைக் கோட்டை ஒட்டிப் போனால், அந்த இடுக்கில் தன் வண்டி நுழையும் என்று பின்னால் வருபவர் கணக்குப் போடுவார். வளைவுக்கு முப்பது மீட்டர் முன்பே திரும்பிப் பார்த்து, கையைக் காட்டி, ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் உள்ளே வந்துவிடுங்கள். வளைவு முடிந்து சாலை தெரிந்ததும் ஓரத்துக்குப் போய், 'போங்க' என்று கையசைத்து விடுங்கள். நாலு வண்டி சேர்ந்துவிட்டால் எங்கேயாவது அகலமான இடத்தில் நின்று எல்லாரையும் அனுப்பிவிட்டு ஏறுங்கள். அடுத்த கொண்டை ஊசியில் ஹாரன் தொல்லை பாதி குறையும்.

பஸ்ஸைப் பற்றித் தனியாகத் தெரிந்துகொள்ளுங்கள். பஸ் இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரம் முன்சக்கரம் போன தடத்தில் போகாது, வளைவின் உட்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். முன்பாகம் உங்களைத் தாண்டிவிட்டது என்று நிம்மதியாக இருக்கும்போது பின்சக்கரம் உங்களை மலைச்சுவரோடு நெருக்கும். அதனால் கொண்டை ஊசியில் பஸ்ஸின் இடப்பக்கம் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். பின்னால் கியர் மாறும் சத்தம் கேட்டால் வளைவுக்குள் நுழையாமல் முன்பே நின்று வழிவிடுங்கள்.

ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும், 2017-ஆம் ஆண்டு மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளிலேயே இருக்கிறது. ஆனால் எதிரே இறங்கி வரும் சுற்றுலா வேன்காரர் அதைப் படித்திருப்பார் என்று நம்பி நடுவில் நிற்காதீர்கள்.

இறங்கும்போது பிரேக்கை விடாமல் இழுத்துப் பிடித்தபடியே வருவதும் ஆபத்து. ரிம் சூடாகி டியூப் வெடிக்கலாம். வளைவுக்கு முன் இரண்டையும் உறுதியாகப் பிடித்து வேகத்தைக் கொன்று, வளைவில் விட்டு, மறுபடி பிடியுங்கள். ரிம்மைக் கையால் தொட முடியவில்லை என்றால் பத்து நிமிஷம் நின்று மலையைப் பாருங்கள், அதற்குத்தானே வந்தீர்கள்.

சாயங்காலம் ஏரிப் பக்கம் காட்டுமாடு நின்றால் ஒரு கூட்டம் சுற்றி நின்று வீடியோ எடுக்கிறது. நான் எப்படித் தாண்டிப் போவது?
— வாசகர், ஆனந்தகிரி

போகாதீர்கள். ஆண் காட்டுமாடு ஆயிரம் கிலோவை நெருங்கும். அது ஒதுங்கிப் போக இருந்த வழியைக் கூட்டம் அடைத்துவிட்டால் மிச்சமிருக்கும் வழி உங்கள் சாலை. முப்பது மீட்டருக்கு முன்பே இறங்கி, விளக்கை அணைத்துவிடாமல் கீழ்நோக்கித் திருப்பி, பெல் அடிக்காமல் நில்லுங்கள். உடம்பைப் பக்கவாட்டில் காட்டித் தலையைத் தாழ்த்தி நிற்பதும், மூக்கால் சீறுவதும் 'போ' என்பதற்கான அடையாளம். மெதுவாகப் பின்வாங்குங்கள், முதுகைக் காட்டி மிதித்து ஓடாதீர்கள். கன்று ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் நின்றால் நடுவில் நுழைபவர் பைத்தியக்காரர். வீடியோக்காரர்களில் ஒருவரிடம் மட்டும், தாழ்ந்த குரலில், 'அது போற வழியை விட்டு ஒதுங்குங்க' என்று சொல்லுங்கள். கூட்டத்தைப் பார்த்துக் கத்தினால் மாடுதான் கேட்கும்.

லவ்டேல் பக்கம் ஒரு வீட்டு நாய் தினமும் துரத்துகிறது. வீட்டுக்காரர் 'கடிக்காது சார்' என்கிறார்.
— வாசகர், ஊட்டி

'கடிக்காது சார்' என்பவரின் நாய்தான் எப்போதும் துரத்தும். ஏற்றத்தில் நாயை முந்த முடியாது, இறக்கத்தில் முந்தப் போய் விழுந்துவிடுவீர்கள். அதனால் இறங்குங்கள். சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் வைத்து, கண்ணை முறைக்காமல், கனத்த குரலில் 'போ!' என்று ஒரு முறை. துரத்துவதற்கு ஓடும் பொருள் இல்லையென்றால் பெரும்பாலான நாய்களுக்கு ஆர்வம் போய்விடும். அதன் எல்லை முடியும் வரை தள்ளிக்கொண்டு நடந்து, பிறகு ஏறுங்கள். காலால் உதைக்கப் போனால் ஒரு காலில் சைக்கிள் நிற்காது.

பல் பட்டுவிட்டால், கீறல்தானே என்று விடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனால் வெறிநாய்க்கடித் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் முதல் நாளை 0 என்று கொண்டு 0, 3, 7, 28-ஆம் நாட்களில் நான்கு தடவை. ரத்தம் வந்த காயமானால் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் வேண்டியிருக்கும், மருத்துவரிடம் கேளுங்கள். காயம் ஆறிவிட்டது என்று 28-ஆம் நாளை விட்டுவிடாதீர்கள்.

பனிமூட்டத்தில் எதிரே வருகிற சைக்கிள்காரர்கள் சிலர் பளிச் பளிச் என்று வெட்டும் விளக்கைப் போட்டுக் கண்ணைக் குருடாக்குகிறார்கள்.
— வாசகர், வட்டக்கானல்

வெட்டும் விளக்கு பகல் வெளிச்சத்துக்கு. பனியில் அது எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று எதிரே வருபவரால் கணிக்கவே முடியாது. விளக்கைப் போட்டவருக்கும் பயனில்லை, எதிரே வெள்ளைச் சுவர்தான் தெரியும். 200 லூமென் அளவில் நிலையாக எரியவிட்டு, ஒளி ஐந்தாறு மீட்டர் முன்னால் தரையில் விழும்படி தாழ்த்துங்கள். பின்னால் சிவப்பு கட்டாயம். எதிரில் அப்படி ஒருவர் வந்தால் அவர் விளக்கைப் பார்க்காமல் உங்கள் இடப்பக்கச் சாலையோரத்தைப் பார்த்து ஓட்டுங்கள்.

சோளக்கதிர் வாங்கித் தின்றுகொண்டே ஒரு கையால் ஓட்டுகிறவர்கள் தின்ற கட்டையை நடுரோட்டில் எறிகிறார்கள். பின்னாலேயே குரங்கும் ஓடி வருகிறது.
— வாசகி, வில்பட்டி

கட்டையின்மேல் சாய்வாக ஏறினால் முன்சக்கரம் வழுக்கும், நேராக ஏறுங்கள். குரங்குக்குக் கையில் இருப்பதைவிட ஹேண்டில்பாரில் தொங்கும் பாலிதீன் பைதான் குறி. தின்பண்டம் இருந்தால் முதுகுப்பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். பையை அது பிடித்துவிட்டால் இழுத்துச் சண்டை போடாமல் விட்டுவிடுங்கள். குரங்கு கடித்தாலும் மேலே சொன்ன அதே நான்கு ஊசிதான்.